மீனாட்சியின் அரண்மனை: ஒரு குறுநாவலைப் பழுது பார்த்த பதிவு

குறுநாவல் ஒருவழியாக முடிந்துவிட்டது. 19 அத்தியாயங்கள், 34,000 சொற்கள். இதற்கு முன் இருந்த வரைவு 58,000 சொற்கள். அதில் மூன்று விஷக் கிண்ணங்கள், ஒரு சுரங்கப்பாதை, மழை இரவில் மதில் ஏறும் ஒரு வீரன் எல்லாம் இருந்தன. பயம் மட்டும் இல்லை. அதைப் பிரித்துப்போட்டு மறுபடி கட்டிய விதத்தை, அரண்மனைக் கதை எழுத உட்காரும் வேறு யாருக்காவது உதவும் என்று குறித்துவைக்கிறேன். வரலாற்று நாவலின் இலக்கணம் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அளவுகள், கருவிகள், செலவு, எங்கே சிக்கியது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கதை நடக்கும் இடம் திருச்சிராப்பள்ளிக் கோட்டை. மதுரை நாயக்கர்களின் தலைநகரம் சொக்கநாத நாயக்கர் காலத்திலேயே மதுரையிலிருந்து அங்கே வந்துவிட்டது. அவருடைய பேரன் விஜயரங்க சொக்கநாதர் பிள்ளையில்லாமல் மறைந்ததும், 1732-இல் அவர் மனைவி மீனாட்சி அரசுப் பொறுப்பை ஏற்றார். நாயக்கர் குடும்பத்தின் வேறொரு கிளையைச் சேர்ந்த பங்காரு திருமலையின் மகன் விஜயகுமாரனைத் தத்தெடுத்தார். பிள்ளையைக் கொடுத்த தகப்பனே பிறகு அரியணைக்குப் போட்டியாக நின்றார். 1734-இல் ஆற்காட்டு நவாபின் மகன் சப்தர் அலியும் மருமகன் சந்தா சாகிபும் படையோடு தெற்கே வந்தபோது, பங்காரு திருமலை ஒரு பக்கம் பேரம் பேசினார், மீனாட்சி இன்னொரு பக்கம் பேசினார். ஒரு கோடி ரூபாய்க்கு ராணியின் பக்கம் நிற்பதாகச் சந்தா சாகிப் சத்தியம் செய்தார். 1736-இல் திரும்பி வந்து கோட்டையையே தனதாக்கிக்கொண்டார். காவலில் இருந்த மீனாட்சி நஞ்சருந்தி உயிர் விட்டார்.

இந்த நான்கைந்து ஆண்டுகளில் ராணியைப் பற்றி எழுதத்தான் ஆரம்பித்தேன். நாலு அத்தியாயம் போனதும் கை நின்றுவிட்டது. ராணியின் முடிவு எல்லோருக்கும் தெரியும். அவரைச் சுற்றி எதை அடுக்கினாலும் அந்த நஞ்சுக் கிண்ணத்தை நோக்கித்தான் போகிறது. அப்போதுதான் தத்துப் பிள்ளையைப் பெற்றவள் நினைவுக்கு வந்தாள். பங்காரு திருமலையின் மனைவி. கணவன் கோட்டைக்கு வெளியே எதிரி. மகன் கோட்டைக்கு உள்ளே இளவரசன். அவள் எங்கே இருந்திருப்பாள்? பிள்ளை சிறியவன் என்பதால் அவனோடு அந்தப்புரத்திலேயே தங்கவைக்கப்பட்டாள் என்று வைத்துக்கொண்டேன். இனி நான் சொல்லப்போகும் அவளுடைய செயல்கள் அத்தனையும் என் கற்பனை. இந்தப் பதிவில் அவளைத் தாய் என்றே குறிப்பிடுகிறேன்.

முதல் வேலை, ஆண்டு அட்டவணை. நீளவாக்கில் நான்கு சார்ட் தாள்களை ஒட்டி 1731 முதல் 1741 வரை கோடு போட்டேன். மேலே நூல்களில் உள்ள நிகழ்வுகள் கறுப்பு மையில், கீழே என் கற்பனை பென்சிலில். இந்த அட்டவணை வந்த உடனேயே ஒரு பெரிய ஓட்டை தெரிந்தது. கடைசி வரை சிறுவனைத் திருச்சியில் தாயின் மடியில் வைத்து எழுதிக்கொண்டிருந்தேன். ஆனால் மீனாட்சி பங்காரு திருமலையோடு சமாதானமாகி, அவரையும் விஜயகுமாரனையும் மதுரைக்கு அனுப்பிவைத்ததாக வரலாற்று நூல்கள் சொல்கின்றன. ஏழு அத்தியாயங்கள் அந்த ஒரு வரியில் போயின. போனது நல்லதுதான். மகனும் கணவனும் மதுரைக்குப் போக, அவள் மட்டும் திருச்சியில் நிறுத்திவைக்கப்படுகிறாள் என்று மாற்றினேன். அதுவரை பிள்ளை பிணை. இப்போது அவளே பிணை. இரண்டாம் பாதிக்கு இதைவிட நல்ல திருப்பம் யோசித்தாலும் கிடைத்திருக்காது.

அடுத்து, தரைப்படம். திருச்சியில் நாயக்கர் அரண்மனையில் மிஞ்சியிருப்பது கொஞ்சம். ராணி மங்கம்மாள் மகால் என்று அழைக்கப்படும் தர்பார் மண்டபத்தில் இப்போது அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே போய் காலடியால் அளந்தேன். ஒரு தூணிலிருந்து அடுத்த தூணுக்கு எத்தனை எட்டு, வாசலில் நிற்பவனுக்கு உள்ளே யார் முகம் தெரியும், யார் முதுகு தெரியும் என்று குறித்தேன். காவலர் ஒருவர் நெடுநேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அதையும் குறித்துக்கொண்டேன், பிறகு அந்தப்புர வாசல்காரனுக்கு அந்தப் பார்வை பயன்பட்டது.

அந்தப்புரம் முழுக்க என் வரைவு. வரைபடத் தாளில் ஒரு சென்டிமீட்டருக்கு ஐந்து அடி என்ற கணக்கு. தாயின் அறையிலிருந்து ராணியின் அறைக்கு 140 அடி, மூன்று வாசல்கள். மடைப்பள்ளிக்கு 220 அடி, ஒரே வாசல், ஆனால் நடுவில் திறந்த முற்றம். பூஜை அறைக்கு 60 அடி, வாசலே இல்லை. இந்த மூன்று எண்களை வைத்துக்கொண்டு எழுதியதில் பாத்திரங்கள் தாமாகவே ஒழுங்குக்கு வந்தன. அவசரச் சேதி ஒன்றை எடுத்துக்கொண்டு ராணியிடம் ஓடுகிறாள் என்று முன்பு ஒரு வரி எழுதியிருந்தேன். மூன்று வாசல்காரர்கள் முன்னால் ஒரு பெருவீட்டுப் பெண் ஓடினால் என்ன ஆகும்? நாழிகை முடிவதற்குள் கோட்டை முழுவதும் அவள் ஓடியது தெரிந்துவிடும். வரி அடிபட்டது. அவள் பூஜை அறைக்குப் போகிறாள். ராணி அங்கே வரும் நேரத்துக்குக் காத்திருக்கிறாள்.

ஒட்டுக்கேட்கும் காட்சிகளுக்காக வீட்டிலேயே ஒரு சோதனை செய்தேன். நீளமான நடைவழி, ஓர் அளவு நாடா, படிப்பதற்கு ஒரு பத்தி, கேட்பதற்கு ஓர் ஆள். சாதாரணக் குரல் 50 அடி தாண்டியும் கேட்டது. தாழ்ந்த குரல் 15 அடிவரை. மூச்சுக் குரல் ஆறு அடியில் சொற்களாக இருந்தது, எட்டு அடியில் வெறும் சத்தமாகிவிட்டது. நடுவில் பருத்திச் சேலையைத் திரையாகக் கட்டியதில் எந்த வித்தியாசமும் இல்லை. திரைக்குப் பின்னால் இரகசியம் பேசும் காட்சிகளை எல்லாம் இதற்குப் பிறகு என்னால் எழுத முடியவில்லை. ஆனால் பித்தளை அண்டாவில் தண்ணீர் விழும்போது மூன்று அடியில்கூட மூச்சுக் குரல் பிடிபடவில்லை. ஆகவே கதையில் முக்கியமான பேச்சுகள் அனைத்தும் குளியலறையில் நடக்கின்றன. தலையில் தண்ணீர் ஊற்றும் பணிப்பெண்ணே செய்தி சொல்கிறவள். மீனாட்சி கடைசிவரை இதைக் கண்டுபிடிக்கவில்லை. மடைப்பள்ளிக்காரி கண்டுபிடித்துவிட்டாள், தண்ணீர்ச் செலவு அதிகமாவதைப் பார்த்து.

இவ்வளவு செய்தும் முதல் முழு வரைவு செத்துத்தான் கிடந்தது. அதைப் பெரியம்மாவிடம் படிக்கக் கொடுத்தேன். தொடர்கதைகளைப் பல்லாண்டுகளாக விடாமல் படித்துவருபவர். பாதியில் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"ஏம்ப்பா, ஆற்காட்டிலிருந்து படை கிளம்பியது இவளுக்கு எப்படித் தெரிந்தது?"

"தெரிந்திருக்கும் பெரியம்மா. அரண்மனை அல்லவா?"

"அரண்மனைதான். இவள் அறையை விட்டு வெளியே வரவில்லையே? யார் வந்து சொன்னார்கள்? சொன்னவளுக்கு அதில் என்ன லாபம்?"

பதில் சொல்ல முடியவில்லை. வரைவு முழுவதும் எனக்குத் தெரிந்ததெல்லாம் அவளுக்கும் தெரிந்திருந்தது. வரலாற்றைப் படித்துவிட்டு அவள் வாயில் போட்டிருந்தேன்.

அன்று வாங்கியதுதான் 200 பக்கக் கணக்குப் புத்தகம், சிவப்புக் கோடு போட்டது. பேரேடு மாதிரி பத்தி பிரித்தேன்: சேதி என்ன, உண்மையில் எப்போது நடந்தது, திருச்சிக்கு எப்போது வந்தது, முதலில் யாருக்குத் தெரிந்தது, தாய்க்கு எந்த வாசல் வழியாக வந்தது, சொன்னவருக்கு என்ன கிடைத்தது. கடைசியாக ஒரு பத்தி: இது தெரியும் என்பதை அவள் யாரிடம் மறைக்க வேண்டும். இந்தக் கடைசிப் பத்திதான் நாவலைக் காப்பாற்றியது. அரண்மனையில் ஒன்று தெரியாமல் இருப்பது ஆபத்துதான். தெரிந்ததைக் காட்டிக்கொள்வது அதைவிடப் பெரிய ஆபத்து. படை வருவது தெரிந்த பெண் அன்று மாலை நகைப்பெட்டியை ஒழுங்குபடுத்தினால் முடிந்தது கதை. ஆகவே அவள் வழக்கம்போலப் பல்லாங்குழி ஆட வேண்டும், தோற்கவும் வேண்டும். அந்த ஒரு காட்சி, முன்பு எழுதிய மூன்று விஷக் கிண்ணங்களைவிட நெஞ்சை அடைத்தது. கிண்ணங்களை எடுத்துவிட்டேன். சுரங்கப்பாதையும் மதில் ஏறும் வீரனும் அதே மாலை போனார்கள்.

பேரேட்டில் 61 சேதிகள் ஏறின. பதினொன்றை யாரும் எந்த வழியிலும் அவளிடம் கொண்டுவந்து சேர்க்க முடியவில்லை. அவற்றை அவளுக்குத் தெரியாமலேயே விட்டுவிட்டேன். அதில் ஒன்று, சத்தியம் செய்யும் காட்சி. குர்ஆன் என்று சொல்லி, பட்டில் சுற்றிய செங்கல்லின் மேல் கைவைத்துச் சந்தா சாகிப் சத்தியம் செய்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. முந்தைய வரைவில் தாய் பட்டின் மடிப்பு வழியே செங்கல்லின் மூலையைப் பார்த்துவிடுகிறாள். நாடக மேடையில் கைதட்டல் வாங்கும் காட்சி. ஆனால் தரைப்படப்படி பெண்கள் நிற்கும் மாடத்திலிருந்து பட்டு 45 அடிக்கு அப்பால் இருக்கிறது. அவள் பார்ப்பது ஒரு பொதியை மட்டும். அதை எடுத்துவந்தவன் இரண்டு கையாலும் தாங்கி, முழங்கை தாழ, கனமான எதையோ தூக்குகிறவனாக நடந்தான் என்பது வரை தெரிகிறது. அவளுக்கு அதில் என்ன தோன்றியது என்று நான் எழுதவில்லை.

ஒரு கோடி ரூபாய் கொடுக்கும் காட்சியிலும் கணக்குப் போட்டுப் பார்த்ததால் தப்பினேன். வெள்ளிப் பெட்டிகளை ஆட்கள் சுமந்துபோவதைத் தாய் சாளரம் வழியாகப் பார்க்கிறாள் என்று எழுதியிருந்தேன். ஒரு வெள்ளி ரூபாய் ஏறக்குறைய 11.4 கிராம். ஒரு கோடி என்றால் 114 டன். மாட்டுவண்டிக்கு 500 கிலோ ஏற்றினாலும் 228 வண்டிகள். தங்க வராகனாகக் கொடுத்தால்? வராகனுக்கு மூன்றரை ரூபாய், எடை 3.4 கிராம் என்று பிற்காலக் கணக்கை வைத்துப் பார்த்தாலும் 28 லட்சத்துக்கும் மேல் வராகன்கள், பத்து டன்னுக்குச் சற்றே குறைவு, 20 வண்டி. ஒரே இரவில் சத்தமில்லாமல் கைமாறும் தொகை இல்லை. ஆகவே கதையில் அது தவணையாகிறது: முதலில் கஜானா, பிறகு கோயில் நகைகளின் மேல் கண், பிறகு அந்தப்புரத்துப் பெண்களின் பெட்டிகள். ஒவ்வொரு தவணையிலும் ராயசக்காரன், அதாவது அரண்மனை எழுத்தர், ஓலையோடு வந்து எடை பார்க்கிறான். அதற்கு முன்னால் என் நாவலில் பணம் வெறும் சொல்லாக இருந்தது. தராசு உள்ளே வந்த பிறகு பெண்களுக்குள் சண்டை வந்தது, யார் எதை ஒளித்தாள் என்று.

மிக நீண்ட நேரம் எடுத்துக்கொண்டது ஓலை. தாய்க்கும் மதுரையில் இருக்கும் கணவனுக்கும் இடையே கடிதம் போக வேண்டும். ஸ்ரீரங்கம் கோயில் அருங்காட்சியகத்தில் நாயக்கர் காலத் தந்தச் சிற்பங்களில் காதணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. வளர்த்த காதுத் துளையில் பனையோலைச் சுருளைச் செருகிக்கொள்வது பழைய வழக்கம். சுருளின் உட்புறத்தில் எழுதினால் என்ன?

செய்து பார்க்காமல் எழுதக் கூடாது என்று தோன்றியது. அதிகம் முற்றாத பனையோலை இரண்டு மட்டை வாங்கி, ஈர்க்கு நீக்கி, மஞ்சள் போட்ட தண்ணீரில் வேகவைத்து நிழலில் உலர்த்தினேன். கொல்லர் ஒருவரிடம் எழுத்தாணி அடித்து வாங்கினேன்; முதலில் அவர் செய்து தந்தது ஊசிபோல் கூராக இருந்ததால் ஓலை கிழிந்தது, முனையைச் சற்று மழுக்கிய பிறகுதான் கீறியது. 22 சென்டிமீட்டர் நீளம், 3 சென்டிமீட்டர் அகலம். எழுத்தின் உயரம் 4 மில்லிமீட்டருக்குக் கீழே என் கைக்கு வரவில்லை. ஐந்து வரி, மொத்தம் 15 சொற்கள் அடங்கின. பழகிய கை இதைப் போல் இரு மடங்கு எழுதியிருக்கும். நாயகிக்கு 20 சொல் வரம்பு வைத்தேன்.

விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துத் தடவித் துடைத்தால்தான் எழுத்து கறுப்பாகத் தெரியும். தடவாமல் விட்டால் வெறும் கீறல். பகல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்கூடப் படிப்பது கடினம். எனக்கு இதைவிட நல்ல மறைமொழி வேண்டியிருக்கவில்லை. மை தடவாத ஓலை காதில் அணிகலன். அறைக்கு வந்து விளக்குத் திரியின் கரியை விரலால் தேய்த்ததும் கடிதம். படித்து முடித்ததும் விளக்கிலேயே எரித்துவிடலாம். நான் எரித்தபோது அரை நிமிடத்துக்குள் சாம்பலானது. ஆனால் நாற்றம் அறையில் வெகுநேரம் நின்றது. அதனால் கதையில் அந்த இரவுகளில் எல்லாம் அவள் சாம்பிராணி போடுகிறாள். சாம்பிராணிக் கணக்கைப் பண்டங்களைக் காக்கும் உக்கிராணத்துக்காரன் எழுதிவைக்கிறான்.

சுருட்டும்போதுதான் சங்கடம். உலர்ந்த ஓலையை இரண்டு சென்டிமீட்டர் விட்டத்துக்குச் சுருட்டியதும் படக்கென்று ஒடிந்தது, சரியாக நான்காம் வரியின் நடுவில். ஈரத்துணியில் இரவு முழுவதும் சுற்றிவைத்த ஓலை ஒடியவில்லை. ஒடிந்த ஓலையைக் குப்பையில் போடப் போனவன் நிறுத்திக்கொண்டேன். இரண்டாம் பாதியின் முடிச்சு அதில் இருந்தது.

1736-இல் அம்மையநாயக்கனூரில் பங்காரு திருமலையின் படை சந்தா சாகிபின் படையிடம் தோற்றது. பங்காரு திருமலை சிவகங்கைப் பக்கம் தப்பினார். அம்மையநாயக்கனூர் இன்றைய கொடைக்கானல் ரோடு ரயில் நிலையத்தின் அருகில் உள்ளது. திருச்சியிலிருந்து 120 கிலோமீட்டருக்கு மேல். குதிரையில் வருகிறவனுக்கும் மாற்று ஆட்கள் வைத்து ஓடிவரும் தூதனுக்கும் பேரேட்டில் இரண்டு நாள் போட்டேன். வென்றவர்களின் சேதி முதலில் வருகிறது: பங்காரு திருமலை மாண்டார். அதே நாள் மாலை தாயின் கைக்கு ஓலைச் சுருள் வருகிறது. கரி தடவுகிறாள். சேனை முறிந்தது என்பது வரை இருக்கிறது. அதன் பிறகு ஓலை ஒடிந்துபோயிருக்கிறது.

இங்கே தாலி வருகிறது. விதவையான ராணியின் அந்தப்புரத்தில் இவள் ஒருத்தி சுமங்கலி. கதை தொடங்கியதிலிருந்தே அந்தத் தாலி ஒரு வம்பு. எதிரி உயிரோடு இருக்கிறான் என்பதற்கு அது சாட்சி. இப்போது எல்லோரும் அவள் கழுத்தையே பார்க்கிறார்கள். கழற்றினால் கணவன் இறந்ததை ஒப்புக்கொண்டதாகிறது. ராமநாதபுரத்து அரசர் கிழவன் சேதுபதி 1710-இல் இறந்தபோது 47 மனைவியர் உடன் தீக்குளித்ததை நேரில் கேட்ட தலைமுறை அந்த அறையில் உட்கார்ந்திருக்கிறது. கழற்றாவிட்டால் அவளுக்கு வேறு சேதி வந்திருக்கிறது என்று அர்த்தம். காதோலை வழி அடைபடும், தண்ணீர் ஊற்றுகிறவளின் உயிர் போகும். பேரேட்டின் கடைசிப் பத்தியில் அன்று நான் எழுதியது: அனைவரிடமும்.

அவளை எப்படி வெளியே கொண்டுவருவது என்று பல வாரம் தவித்தேன். தலைப்பாகையோ மோதிரமோ அடையாளம் வராமல் சடங்கு செய்ய மாட்டேன் என்று அவள் சொல்வதாக எழுதினேன். நன்றாகத்தான் இருந்தது. அடுத்த அத்தியாயத்தில்தான் விஷயம் உறைத்தது: உடல் கிடைக்காதபோது கணவனின் தலைப்பாகையை வைத்துக்கொண்டு தீயில் இறங்கும் வழக்கமும் உண்டு. வேண்டாத உறவினர் ஒருவர் போதும், ஏதோ ஒரு தலைப்பாகையைக் கொண்டுவந்து நீட்டுவதற்கு.

தீர்வு வேப்பிலையில் கிடைத்தது. மீனாட்சியின் மாமனார் ரங்ககிருஷ்ண முத்துவீரப்பர் 1689-இல் அம்மை கண்டு இறந்தவர். அந்தக் குடும்பத்துக்கு அம்மை என்றால் நடுக்கம் இருந்திருக்கும். அம்மை போட்ட வீட்டில் நல்லதும் செய்ய மாட்டார்கள், கெட்டதும் செய்ய மாட்டார்கள். யாரும் உள்ளே வர மாட்டார்கள், உள்ளே இருப்பவர் வெளியே வர மாட்டார். மறுநாள் காலை தாயின் அறை வாசலில் வேப்பிலை தொங்குகிறது. தாலி கழுத்திலும் இருக்கிறது, யார் கண்ணிலும் படவில்லை. அவள் சொன்ன பொய்யை உடைக்க வேண்டுமானால் யாராவது அந்த அறைக்குள் நுழைந்து பார்க்க வேண்டும். ஒருவரும் நுழையவில்லை. சிவகங்கையிலிருந்து சேதி வரும்வரை போதுமான நாட்கள் கிடைத்தன.

மீனாட்சிக்கு மட்டும் தெரிந்துவிடுகிறது. வாசலுக்கு வெளியே உட்கார்ந்து கதவைப் பார்த்துப் பேசுகிறார். வெளியாட்கள் முன் அம்மணி என்று அழைக்கும் தாய், அன்று அக்கா என்று கூப்பிடுகிறாள். அந்த அத்தியாயத்துக்கு மட்டும் நான் பேரேட்டைத் திறக்கவில்லை.

பக்திப் பாடல்கள் பாடிய தாயுமானவரை என்ன செய்வது என்பது தனிக் கதை. விஜயரங்க சொக்கநாதரிடம் சம்பிரதியாக, அதாவது கணக்கு அதிகாரியாக, இருந்த அவர்மேல் விதவையான ராணி மையல் கொண்டதாகவும், அவர் இரவோடு இரவாகத் திருச்சியை விட்டு வெளியேறியதாகவும் ஒரு கதை வழங்குகிறது. எனக்கு அது பிடிக்கவில்லை. ஆட்சி செய்யும் விதவையைப் பற்றி ஊர் சொல்லக்கூடிய முதல் அவதூறு அதுதானே? ஆகவே அதை ஒரு சேதியாகப் பேரேட்டில் ஏற்றினேன். உண்மையில் எப்போது நடந்தது என்ற பத்தியில் கோடு போட்டுவிட்டு, சொன்னவருக்கு என்ன கிடைத்தது என்ற பத்தியை மட்டும் நிரப்பினேன். அவர் நாவலில் தலை காட்டுவதில்லை. கணக்கு எழுதும் இடத்தில் ஒரு காலி மணை இருக்கிறது, அவ்வளவே.

சில்லறைப் பழுதுகள்: விருந்திலிருந்து தக்காளியும் உருளைக்கிழங்கும் போயின, மிளகாய் நின்றது. தீக்குச்சி கிழிக்கும் காட்சி ஒன்று கடைசி வாசிப்புவரை தப்பியிருந்தது. ஓலை படிக்கும் காட்சிக்காக விளக்கெண்ணெய் அகலில் ஒற்றைத் திரி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். ஒன்றரை அடிக்கு மேல் தள்ளிப் பிடித்தால் எழுத்து தெரியவில்லை. கடிதம் படிக்கிறவளின் முகம் விளக்கின் அருகில் இருக்கும், எதிரே நிற்பவருக்கு அது முழுவதும் தெரியும். இருட்டில் முகம் மறைத்துப் படிக்கிறாள் என்ற வரிகளை எல்லாம் தேடித் தேடி எடுத்தேன்.

செலவு: கணக்குப் புத்தகம் 140 ரூபாய், சார்ட் தாளும் வரைபடத் தாளும் 85, நூலகத்தில் நகல் எடுத்தது 760, எழுத்தாணி 300, ஓலை 100, விளக்கெண்ணெயும் சாம்பிராணியும் 190. மொத்தம் 1,575. பயணச் செலவைச் சேர்க்கவில்லை. நகல்களில் பாதி வீண்; படைகளின் எண்ணிக்கை பற்றியவை. என் நாயகிக்கு அந்த எண்கள் வந்து சேரும் வாசலே இல்லை.

அடுத்த முறை பேரேட்டில்தான் தொடங்குவேன். தரைப்படம் அதற்குப் பிறகு. சேதிகள் எந்த வழியாகப் போக வேண்டும் என்று தெரிந்தால் வாசல்களை அதற்கேற்ப வைக்கலாம். நான் தலைகீழாகச் செய்ததால் மடைப்பள்ளியை இரண்டு தரம் இடம் மாற்ற வேண்டியிருந்தது. தண்ணீர் ஊற்றும் பணிப்பெண்ணுக்குத் தனியாக ஒரு பேரேடு வைப்பேன். இந்த நாவலில் அவள் சேதி கொண்டுவருகிறவளாகவே நின்றுவிட்டாள். அவளுக்கு என்ன தெரியும், எதை அவள் தாயிடமே சொல்லாமல் விட்டாள் என்று நான் கேட்கவே இல்லை. பெரியம்மா அதையும் கேட்டார், நாவல் முடிந்த பிறகு.

அடுத்த கதைக்குக் களம் கிடைத்திருக்கிறது. 1740-இல் ஆற்காட்டு நவாப் தோஸ்த் அலி தாமல்செருவில் மராட்டியரோடு நடந்த போரில் இறந்தபின், அவர் குடும்பத்துப் பெண்கள் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரரிடம் அடைக்கலம் புகுந்தார்கள். மறு ஆண்டு திருச்சி மராட்டியர் கையில் வீழ்ந்து சந்தா சாகிப் கைதியானார். மீனாட்சியை அடைத்துவைத்தவரின் வீட்டுப் பெண்கள் இப்போது வேறொருவர் கோட்டைக்குள். கணக்குப் புத்தகத்தில் இன்னும் எழுபது பக்கங்கள் மிச்சம் இருக்கின்றன; பத்தி பிரித்துவிட்டேன். பணிப்பெண்ணின் பத்தி இந்த முறை இடது ஓரத்தில், முதலில்.